மீட்டர்காரர் எழுதிய பூஜ்ஜியங்கள்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குச் செவிலியர் அந்த வீட்டின் கதவைத் தட்டினார். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஆய்வுப் படிவத்தின் முதல் கட்டமே 'வந்த நேரம்' என்பதுதான். கதவு திறப்பதற்குள் அவர் அதை நிரப்பியிருந்தார். திறந்த முதியவர் வந்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த அட்டையையும் அதில் செருகியிருந்த பேனாவையும் பார்த்தார்.

"தட்டிட்டு எழுதினீங்களா, எழுதிட்டுத் தட்டினீங்களா?"

செவிலியருக்குக் கேள்வி பிடிபடவில்லை. "தட்டிட்டுத்தான் ஐயா."

"அப்போ சரி. எழுதிட்டுத் தட்டுறவங்களை நம்ப முடியாது. உள்ள வாங்க."

அவருக்கு அப்போது வயது எழுபத்தாறு. குடிநீர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் எண் குறித்தவர். ஓய்வு பெற்றுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் அந்தத் தெருவிலும் சுற்றியுள்ள நான்கு தெருக்களிலும் அவருக்கு மீட்டர்காரர் என்பதே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கடிதம் கொண்டுவருபவருக்கே வீடு தெரியாது. மனைவி இறந்து ஒன்பது ஆண்டுகள்; பிள்ளைகள் இல்லை. மனைவியின் தம்பி மட்டும் உடன் இருந்தார். பூட்டு பழுது பார்த்துப் பிழைத்தவர். கண்ணில் புரை வளர்ந்த பிறகு தொழிலை விட்டவர். இரண்டு பேரும் மாடியில் இரண்டு அறைகளைப் பங்கிட்டுக்கொண்டு, விடிந்தால் அடைந்தால் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

செவிலியருக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு ஆண்டுகள் எலும்பு முறிவு வார்டில் வேலை பார்த்தவர். குளியலறையில் வழுக்கியும் படியில் தடுக்கியும் இடுப்பெலும்பு முறிந்து வருகிற முதியவர்களில் எத்தனை பேர் நடந்து வீடு திரும்புகிறார்கள் என்பதை அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்திருந்தார். அந்த எண்ணிக்கை அவரைத் தூங்கவிடாமல் செய்ததால்தான், பதவி உயர்வைத் தள்ளிவைத்துவிட்டு, தம் பெண் வயதுப் பிள்ளைகளோடு செவிலியர் கல்லூரியில் ஆய்வு மாணவியாகப் போய் உட்கார்ந்தார். எழுபது வயது கடந்தவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய சில எளிய பயிற்சிகள். அவற்றைச் செய்தால் விழுவது குறைகிறதா என்பது கேள்வி. நாற்பத்தெட்டுப் பேர், ஓர் ஆண்டு; பாதிப் பேர் பயிற்சி செய்வார்கள், மறுபாதி ஒப்பிட்டுப் பார்க்க, செய்யாமல் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு ஒரு தாள். அன்று விழவில்லை என்றால் அந்தத் தேதியின் கட்டத்தில் பூஜ்ஜியம் போட வேண்டும். விழுந்தால் எத்தனை முறை என்று எழுத வேண்டும். ஒரே மாதத்தில் இரண்டு முறை விழுந்தவரைச் செவிலியர் மருத்துவரிடம் அழைத்துப் போய், மாத்திரைகளையும் ரத்த அழுத்தத்தையும் பார்வையையும் சோதிக்கச் செய்வார். ஆய்வு என்பது கேள்வி கேட்பதற்கு மட்டுமன்று, ஆளைக் காப்பதற்கும்தான் என்று அந்த விதியை அவரே எழுதிச் சேர்த்திருந்தார்.

சம்மதப் படிவத்தின் நான்கு பக்கங்களையும் மீட்டர்காரர் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார்.

"விழுறதுன்னா என்னன்னு இதுல போட்டிருக்கே. 'தம்மை அறியாமல் தரையிலோ தாழ்வான இடத்திலோ வந்து சேர்தல்.' இதை யாரு எழுதினது?"

"பெரியவங்க எழுதினது ஐயா. எல்லா நாட்டுலயும் இதுதான்."

கட்டிலில் சாய்ந்திருந்த மைத்துனர் தலையைத் தூக்கினார். "அப்படின்னா சிஸ்டர், இவரு எங்க அக்காகிட்ட விழுந்தாரே, அதையும் எழுதணுமா? அறியாமதான் விழுந்தாரு. இன்னும் எந்திரிக்கல."

"நீ வாயை மூடு மச்சான். பூட்டுக்காரன்னு பேரு, வாய்க்கு ஒரு பூட்டுப் போட வக்கில்ல." அவர் கையெழுத்திட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் விழுந்தா உங்களுக்கு என்ன ஆகும்?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. எழுதிக்குவேன், அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். நம்பினார் என்று செவிலியர் எண்ணிக்கொண்டார்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை செவிலியர் அங்கே போனார். நாற்காலியின் கைப்பிடியைத் தொடாமல் பத்து முறை எழுந்து உட்கார்வது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, தரையில் ஒட்டிய நாடாவின்மேல் குதிகாலை அடுத்த காலின் விரலில் முட்டவைத்து நடப்பது. மீட்டர்காரர் இவற்றை அலுவலக வேலையைப் போல் செய்தார். மைத்துனர் பக்கத்தில் நின்று எண்ணுவார். ஐந்துக்குப் பிறகு வேண்டுமென்றே மறுபடி நான்கு என்பார். அவரை ஆய்வில் சேர்க்க முடியவில்லை. பார்வை போதாது என்று விதி தடுத்தது. அதில் அவருக்கு மனத்தாங்கல். "விழுறதுக்குக்கூட ஒரு தகுதி வேணுமாம் பாருங்க."

பயிற்சி முடிந்ததும் மீட்டர்காரர் பேச்சில் இறங்குவார். இருவருடைய தொழிலும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. "நானும் வாசல்ல நின்னு நம்பர் எழுதினவன். நீங்களும் அப்படித்தான். என்ன, நான் தண்ணியை எழுதினேன், நீங்க ஆளை எழுதுறீங்க." எந்த வீட்டு நாய் குரைப்பதோடு நிற்கும், எந்த வீட்டு நாய் குரைக்காமல் கடிக்க வரும் என்று அவர் சொல்லிக்கொடுத்தது செவிலியருக்கு இரண்டு முறை பயன்பட்டது. மீட்டர் தரைக்கடியில் ஒரு குழியில் இருக்கும். இரும்பு மூடியைத் தூக்கி, முட்டிபோட்டுக் குனிந்து, டார்ச் அடித்து, கண்ணாடியின்மேல் படிந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்பது வீடு. வீடு பூட்டியிருந்தால் போன மாதத்து எண்ணோடு ஒரு குத்துமதிப்பைக் கூட்டி எழுதிவிட்டுப் போவது மற்றவர்கள் வழக்கம். அவர் மட்டும் மாலையில் திரும்பவும் போவார். முப்பத்து நான்கு ஆண்டுகளில் கண்ணால் பார்க்காத ஓர் எண்ணைக்கூட எழுதியதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. அவருடைய முட்டிகள் தேய்ந்ததும் அந்தப் பெருமையினால்தான்.

அவருடைய ஏப்ரல் மாதத் தாளும் மே மாதத் தாளும் அந்த மனிதரைப் போலவே இருந்தன. சில பூஜ்ஜியங்கள் பென்சிலில், சில நீல மையில். ஒன்றின்மேல் தேநீர்க் கறை. ஒரு கட்டத்தின் ஓரத்தில் 'நேற்று மறந்துவிட்டேன், இன்று காலை எழுதியது' என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. மே மாதத்தில் ஒரு நாள் '1'. துணி உலர்த்தும்போது பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டாராம், அடியில்லை.

ஆய்வு தொடங்குவதற்கு முன்பே வழிகாட்டிப் பேராசிரியர் செவிலியரை எதிரே உட்காரவைத்து எச்சரித்திருந்தார். "பதிலைக் கேட்டதும் உங்க முகம் மாறக் கூடாது. நீங்க எதுக்குச் சந்தோஷப்படுறீங்கன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை அதைத்தான் தருவாங்க. வயசானவங்களுக்கு மனசு அப்படி. சுவர் மாதிரி நில்லுங்க." வார்டில் எத்தனையோ மரணங்களின் முன்னால் முகம் மாறாமல் நின்றவருக்கு இது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

ஜூலை முதல் தேதி அவர் ஏழு வீடுகளுக்குப் போனார். முதல் வீட்டு அம்மாள் மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வீட்டில் இரண்டு, ஐந்தாம் வீட்டில் மூன்று. பயிற்சி செய்யாத குழுவில் விழுந்தவர்களைவிடச் செய்தவர்களில் விழுந்தவர்கள் அதிகமாகிவிடும் போலிருந்தது. இப்படியே போனால் உங்கள் திட்டம் உதவாது என்றுதான் எழுத வேண்டியிருக்கும் என்று பேராசிரியர் முதல் நாள்தான் சொல்லியிருந்தார். கால் வீங்கி, தொண்டை வறண்டு, ஏழாவதாக மீட்டர்காரரின் மாடிப்படி ஏறி, ஜூன் மாதத் தாளை வாங்கிப் பார்த்தார். முப்பது நாளும் பூஜ்ஜியம். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. முகத்தோடு நின்றிருந்தாலும் பாதகமில்லை, வாயும் திறந்துகொண்டது.

"உங்க வீட்டுக்கு வந்தாத்தான் ஐயா எனக்கு உயிரே வருது. மத்த வீட்டுல எல்லாம் விழுந்து வச்சிருக்காங்க."

மீட்டர்காரர் மைத்துனரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அதே மாத நடுவில் அவர் வழக்கமாகப் போகும் மருத்துவர் ரத்த அழுத்தத்துக்குப் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்தார். படிவத்தில் அதன் பெயரைச் செவிலியர் எழுதிக்கொண்டார். "தலைசுத்தல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "இந்த வயசுல தலை இருக்குறதே பெருசு" என்ற பதிலுக்குச் சிரித்துவிட்டு, 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார்.

செப்டம்பர் முதல் தேதி ஆகஸ்டுத் தாளை வாங்கினார். முப்பத்தொரு பூஜ்ஜியங்கள். எல்லாம் ஒரே மை, ஒரே அளவு, ஒரே அச்சில் வார்த்த வளையங்கள் போல் வரிசை பிசகாமல் நின்றன.

வார்டுகளில் ஒரு பழைய நோய் உண்டு. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய காய்ச்சலைப் பார்க்காமலே விட்டுவிட்டு, வேலை முடியும் நேரத்தில் மொத்தமாக எழுதிவைப்பது. அந்தத் தாளைத் தூரத்திலிருந்து பார்த்தே கண்டுபிடிக்கலாம்; எழுத்தில் ஒரு பொழுதின் களைப்புத்தான் இருக்கும், ஒரு நாளின் ஏற்ற இறக்கம் இராது. பயிற்சிக்கு வந்த பெண்களில் எத்தனை பேரைச் செவிலியர் இதற்காக நிற்கவைத்துக் கண்டித்திருக்கிறார் என்பதற்குக் கணக்கில்லை. இந்தத் தாள் ஒரே மூச்சில் நிரப்பப்பட்டது என்பதை அறிய அவருக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. கேட்டிருக்க வேண்டும். 'ஐயா, இது தினமும் எழுதினதா?' என்று நான்கு சொல். கேட்டால் ஒரு பதில் வரும். வந்தால் அதை எழுத வேண்டும். அவர் தாளைத் திருப்பி உறையில் போட்டார். அடுத்த மாதத் தாளைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

செப்டம்பர்த் தாளும் அவ்வாறே வந்தது. அதையும் அவர் திருப்பினார்.

அக்டோபர் பதினேழாம் தேதி காலையில் மீட்டர்காரர் குளியலறை வாசலில் விழுந்தார். மைத்துனர் கீழ்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்துப் படியிறக்கி, மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். இடது இடுப்பெலும்பு முறிவு. செவிலியர் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த அதே வார்டு. சன்னலை ஒட்டிய கட்டில். செய்தி கேட்டு ஓடிவந்தவர், பழைய பழக்கத்தில் தாமே திரையை இழுத்துவிட்டு, சட்டையைக் கழற்ற உதவினார்.

கன்றிப்போன தோல் பொய் சொல்லாது. புதிய அடி சிவந்து கறுக்கும். நாலைந்து நாளில் பச்சை ஓடும். பிறகு மஞ்சளாகிக் கரையும். இடுப்பில் அன்றைய அடி ஊதா நிறத்தில் இருந்தது. முழங்கைக்கு மேலே ஒரு பச்சை. விலா ஓரத்தில் மஞ்சள் படர்ந்த ஓர் உள்ளங்கை அளவு. இரண்டு முட்டிகளிலும் உரிந்து ஆறிய பழுப்புத் தழும்புகள். யாரும் எழுதாத மாதங்கள் முழுவதும் அந்த உடம்பில் எழுதப்பட்டிருந்தன. மீட்டர்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வலியினாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை.

நடைவழியில் சுவரைப் பிடித்தபடி நின்ற மைத்துனரிடம் செவிலியர் கேட்டார். "எத்தனை தடவை?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

"இப்போ சொல்லலாம்."

"இதோட ஏழு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புரை விழுந்த கண்ணில் எப்போதுமே நீர் வடிந்துகொண்டிருந்ததால் அழுகிறாரா என்பது உறுதியாகவில்லை. "அந்தப் புது மாத்திரை வந்ததுலேருந்து, எந்திரிச்சு நின்னா கண்ணு இருட்டுதுன்னாரு. ஆகஸ்டுல மூணு தடவை. நான்தான் கைகொடுத்துத் தூக்குவேன். எழுதுங்க அத்தான்னு சொன்னேன். கேக்கல. நீங்க சொன்னீங்களாமே, இந்த வீட்டுக்கு வந்தாத்தான் உயிர் வருதுன்னு. அன்னைக்கு நீங்க படியிறங்கினதுமே சொல்லிட்டாரு. 'மச்சான், மீட்டர்ல நம்பர் ஏறினா ஆபீசுல முதல்ல திட்டு வாங்குறது எழுதினவன்தான். இந்தப் பொண்ணு நம்மால திட்டு வாங்கக் கூடாது.'"

செவிலியர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பொய் ரீடிங் எழுதத் தெரியாத மனுஷன் சிஸ்டர். மாசக் கடைசியில மேசை முன்னாடி உக்காந்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு மொத்தமா எழுதுவாரு. ஒவ்வொரு நாளா எழுத மனசு வரலைன்னாரு."

ஆகஸ்டில் மூன்று முறை. இரண்டு முறைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டும். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்றதும் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஒரு மாத்திரையைப் பாதியாக்குவது, அவ்வளவே வைத்தியம். செவிலியர் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அக்டோபர் பதினேழு வரை நாட்களை எண்ணினார். நாற்பத்தாறு. தம் வயதும் அதுவே என்று தோன்றியது. தோன்றியதற்காகவே தம்மேல் வெறுப்பு வந்தது.

இதயம் தாங்காது என்று அறுவை சிகிச்சையை மருத்துவர்கள் கைவிட்டார்கள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுக்கவைத்தார்கள். பிறகு எப்படிப் போகும் என்பது செவிலியருக்குப் பாடம் படித்ததைவிட நன்றாகத் தெரியும்.

ஆய்வில் இருப்பவருக்குப் பெரிய காயம் நேர்ந்தால் கல்லூரியின் நெறிமுறைக் குழு நேரில் வந்து விசாரிக்க வேண்டும். இருபத்தெட்டாம் தேதி குழுவிலிருந்து வழக்கறிஞர் அம்மாள் ஒருவர் வந்தார். ஏழு மாதத் தாள்களையும் கட்டில்மேல் பரப்பினார். பேராசிரியர் ஒருபுறம், செவிலியர் ஒருபுறம், தலைமாட்டில் மைத்துனர்.

"பெரியவரே, இந்த மூணு மாசத்துல நீங்க விழுந்திருக்கீங்க. பூஜ்ஜியம் போட்டிருக்கு. போடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. நானாத்தான் போட்டேன்."

"ஏன்?"

"வெக்கம்தாம்மா. ஆம்பளை விழுந்தேன்னு எப்படி எழுதுறது?"

"இந்தச் சிஸ்டர் ஏதாவது சொன்னாங்களா? குறைச்சு எழுதுங்க, அந்த மாதிரி?"

மைத்துனர் வாயைத் திறந்தார். மீட்டர்காரர் படுத்தபடியே அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவங்க சுவர் மாதிரி உக்காந்திருப்பாங்க. சிரிக்கக்கூட மாட்டாங்க. எனக்கே கோவம் வரும்."

வழக்கறிஞர் அம்மாள் எழுதிக்கொண்டார். செவிலியரிடம் திரும்பி, "நீங்க சேர்த்துச் சொல்ல ஏதாவது இருக்கா?" என்றார். மூன்று ஆண்டு உழைப்பு, விட்டுக்கொடுத்த பதவி, திரும்பிப் போனால் தம்மைவிட இளையவர்களின் கீழ் வேலை. எல்லாம் ஒரே கூட்டமாக முன்னால் வந்து நின்றன. "இல்லை" என்றார் அவர்.

வந்தவர்கள் போன பிறகு மீட்டர்காரர் பேசினார். "போயிட்டாங்க. முகத்தை இப்போ கீழ இறக்கி வைக்கலாம்."

"ஐயா, நான் பார்த்தேன். ஆகஸ்டுத் தாளைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்."

"எப்படி?"

"நீங்க தாளைத் திருப்பின வேகம். மத்த மாசம் எல்லாம் ஒவ்வொரு கட்டமா விரல் வைப்பீங்க. முப்பத்தி நாலு வருஷம் ஊரான் வாசல்ல நின்னவன் நான். எந்த வீட்டுல மீட்டரைக் கல்லு வச்சு நிறுத்தியிருக்காங்கன்னு, கதவு திறக்குறவங்க கண்ணைப் பார்த்தாலே சொல்லுவேன்." மூச்சு வாங்கியது. "விடுங்க. நீங்க திருப்பினதாலதான் நான் தைரியமா அடுத்த மாசமும் எழுதினேன்."

அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். செவிலியர் கட்டிலருகே குனிந்தார்.

"உங்களுக்கு நான் என்ன செய்யணும் ஐயா? எதுவானாலும் கேளுங்க. செய்யுறேன்."

"எதுவானாலுமா?"

"எதுவானாலும்."

"பெரிய வார்த்தை. யோசிச்சுக் கேக்குறேன்."

"பார்த்துக் கேளுங்க அத்தான்" என்றார் மைத்துனர். "சும்மா தண்ணி குடு, தலைகாணி குடுன்னு கேட்டு வீணாக்கிடாதீங்க."

ஆறு நாள் செவிலியர் எதுவும் செய்யவில்லை. ஏழாம் நாள் குழுவுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். ஜூலை முதல் தேதி தாம் சிரித்தது, சொன்ன வாக்கியம், செப்டம்பரில் தாளைக் கண்டு தெரிந்துகொண்டும் கேளாமல் விட்டது, குழுவின் முன் வாய் திறவாமல் நின்றது. தேதி வாரியாக எல்லாவற்றையும் எழுதினார். பேராசிரியர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "சிரிச்சதுக்கு நம்ம படிவத்துல கட்டமே இல்ல. இதைக் கொடுத்தா மூணு வருஷம் போச்சு. தெரிஞ்சுதான் கொடுக்குறீங்களா?" தெரிந்துதான் கொடுத்தார்.

குழு ஆய்வை நிறுத்திவைத்தது. நாற்பத்தெட்டுப் பேரின் தாள்களையும் மறுபடி பார்க்கச் சொன்னது. பார்த்தபோது, ஒரே மூச்சில் நிரப்பிய தாள்கள் இன்னும் பதினோரு வீடுகளில் அகப்பட்டன. அந்தப் பதினோரு பேரிடமும் தாம் எந்த மாதத்தில் எப்படி முகம் காட்டினோம் என்று செவிலியருக்கு நினைவில்லை. ஒவ்வொரு வீடாகப் போய் உண்மையைக் கேட்டு, தேவைப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, மாலையில் குழுவின் அலுவலகத்தில் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, கோப்புக் கட்டோடு நேரே வார்டுக்கு வருவார்.

கடிதத்தைப் பற்றிக் கேட்டபோது மீட்டர்காரர் பல்லில்லாத பக்கத்தால் சிரித்தார். "வாழ்க்கையில ஒரே ஒரு பொய் உருப்படியா சொன்னேன். அதையும் போட்டு உடைச்சுட்டீங்களே. வேலை போயிடுமா?"

"வேலை போகாது. படிப்புதான்."

"அதுக்குத்தானே இவ்வளவும்." செவிலியரை ஏற இறங்கப் பார்த்தார். "இளைச்சுட்டீங்க."

"நீங்க ஏதோ கேக்குறேன்னு சொன்னீங்க."

"இருக்கு. அப்புறம்."

அதன் பிறகு செவிலியர் இரண்டு முறை நினைவூட்டினார். ஒருமுறை "இன்னும் யோசிச்சு முடியல" என்றார். மறுமுறை பேச்சை மாற்றி, பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டையைப் பற்றிப் பேசினார். நவம்பர் கடைசியில் நெஞ்சில் சளி கட்டியது. அவரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் தட்டிவிடும்போது, முதுகெலும்பின் முடிச்சுகள் செவிலியரின் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக இடறின. நடமாடிக்கொண்டிருந்த ஒரு மனிதர் ஆறு வாரத்தில் இவ்வளவாகக் குறைவதை அவர் பல நூறு முறை பார்த்திருக்கிறார். தம் கையால் ஆனது என்று ஒருமுறையும் பார்த்ததில்லை.

டிசம்பர் இரண்டாம் தேதி, பகல் பதினொன்றரை மணிக்கு, அவர் அந்தக் கட்டிலிலேயே இறந்தார். மைத்துனர் தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்தார். செவிலியர் அப்போது குழுவின் அலுவலகத்தில் ஒன்பதாம் வீட்டுக்கான விளக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து அவர் அந்த மாடிக்குப் போனார். நாடா இன்னும் தரையில் ஒட்டியிருந்தது. மைத்துனர் தேநீர் போட்டார்; பார்வைக்குப் பிடிபடாத டம்ளரைக் கையால் துழாவி எடுத்தார். உதவ எழுந்த செவிலியரை உட்காரச் சொன்னார்.

"அவர் என்கிட்ட ஏதோ கேக்கணும்னு சொன்னாரே. என்னன்னு உங்ககிட்டயாவது சொன்னாரா?"

மைத்துனர் டம்ளரை அவருடைய கைக்கு அருகில் தள்ளினார்.

"வேற என்ன கேப்பாரு. வீட்டுக்கு வரணும்னாரு. அக்கா படுத்திருந்த இந்தக் கட்டில்லயே கிடக்கணும்னு. 'சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா ஒரே நாள்ல ஏற்பாடு பண்ணிடுவாங்க மச்சான், அந்த வார்டுல அவங்க சொல்லுக்கு மறுசொல்லு கிடையாது'ன்னாரு. அப்போ கேளுங்களேன் அத்தான்னேன். அதுக்கு, 'அவங்க கோப்பைத் தூக்கிட்டுக் கோர்ட்டுக்கு அலையுற மாதிரி அலையுறாங்க. நான் கேட்டா, எல்லாத்தையும் போட்டுட்டு இங்க வந்து நிப்பாங்க. அது முடியட்டும், கேக்குறேன்'னாரு."

செவிலியர் அதே வார்டிலிருந்து எத்தனையோ பேரை அவ்வாறு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். தலைப்பக்கம் உயர்த்தும் ஒரு கட்டில், காலில் கட்டும் எடைக்கு ஒரு சட்டம், மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போக நான்கு பேர், காலையும் மாலையும் வந்து பார்க்க ஓர் ஆள். அந்த ஆள் அவரே. மொத்தம் அரை நாள் வேலை.

மீட்டர்காரர் கேட்கவில்லை.